டோர்ட்டுகேரோ கரையில் காத்திருத்தல்

பயணக் குழுக்களை அழைத்துச் செல்லும் என் தொழிலில் மிகக் கடினமான பகுதி, வந்தவர்களை அமைதியாகக் காத்திருக்கச் செய்வதுதான். கோஸ்ட்டா ரிக்காவின் வடகிழக்கில், கரீபியக் கடலுக்கும் மழைக்காட்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டில் இருக்கும் டோர்ட்டுகேரோவில் இதை நான் ஆழமாக உணர்ந்தேன். அந்த ஊருக்குச் சாலை கிடையாது. படகிலோ சிறு விமானத்திலோதான் சென்றடைய முடியும்.

கால்வாய்களில் உள்ளூர் வழிகாட்டி படகின் இயந்திரத்தை நிறுத்திய பிறகே காடு தெரியத் தொடங்கும். கரையோர வேர்களில் கெய்மன் முதலைகள் அசைவின்றிக் கிடக்கும். ஊளைக் குரங்குகளின் முழக்கம் சில கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் கேட்கும். முதன்முறை கேட்பவர்கள், ஏதோ பெரிய வேட்டை விலங்கு அருகில் நிற்பதாகவே எண்ணிவிடுவார்கள். ஆனால் நெடுநேரம் பார்க்கத் தகுந்தது, மரக்கிளையில் தொங்கும், மிக மெதுவாக நகரும் மூவிரல் ஸ்லாத் என்பேன். மயிரில் பாசி வளர்வதால் பச்சை படர்ந்து இலைகளோடு கலந்திருக்கும் அந்த விலங்கு, ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை, கழிவை வெளியேற்றுவதற்காகத் தரைக்கு இறங்குகிறது.

இந்தக் கரையின் உயிர்நாடி பச்சைக் கடலாமைதான். ஜூலை முதல் அக்டோபர் வரை இரவுகளில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு முறைக்கு நூறு முட்டைகளுக்கும் மேலாக இடுகிறது. ஒருகாலத்தில் இறைச்சிக்காகவும் முட்டைக்காகவும் இங்கே ஆமைகள் பெருமளவில் பிடிக்கப்பட்டன. 1950களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க உயிரியலாளர் தொடங்கிய ஆய்வும், 1975இல் அமைந்த தேசியப் பூங்காவும் அந்த நிலையை மாற்றின. இன்று உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் மட்டுமே இரவில் கடற்கரைக்குச் செல்லலாம்; வெண்ணிற விளக்குக்கும் ஒளிப்படக் கருவிக்கும் அனுமதியில்லை. கரையேறும் ஆமை வெளிச்சத்தையோ நடமாட்டத்தையோ உணர்ந்தால் முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். முட்டையிடத் தொடங்கிய பின்னர் அது எளிதில் கலைவதில்லை என்பதால், அதன்பிறகுதான் வழிகாட்டி எங்களைப் பின்புறமாக அருகே அழைப்பார்.

“இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேனே, தம்பி” என்று குழுவில் வந்த முதியவர் ஒருவர் என்னிடம் கெஞ்சியதுண்டு. அவருடைய ஆவல் நியாயமானது. ஆயினும் மறுப்பதே என் கடமை. “ஐயா, நாம் வந்ததே அது முட்டையிடுவதைப் பார்க்கத்தானே” என்று சொன்னேன். அவர் அலைபேசியைப் பையில் வைத்துவிட்டு, சிவப்பு விளக்கின் மங்கலான ஒளியில், குழிக்குள் ஒவ்வொன்றாக விழும் முட்டைகளை இறுதிவரை பார்த்தார். படம் எடுக்க அனுமதி இருந்திருந்தால் அவர் அவ்வளவு நேரம் கூர்ந்து பார்த்திருக்க மாட்டார் என்றே இன்றும் நம்புகிறேன்.

இப்போதெல்லாம் பயணத் திட்டத்தை விளக்கும்போதே, ஆமை பார்க்கும் இரவில் படம் எடுக்க முடியாது, ஆமை வராத இரவும் உண்டு என்ற இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு விலகியவர்களும் உண்டு. அவர்களை வற்புறுத்துவதில்லை.