சாப்பிட்ட பின் எடுத்த ஸ்கேனும் ‘சிரோசிஸ்’ என்ற முடிவும்

அம்மாவுக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது, கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. வைரஸின் மரபுப் பொருளையே தேடும் ஆர்என்ஏ பரிசோதனையும் வைரஸ் இருப்பதை உறுதிசெய்தது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மாத்திரை இலவசம் என்பதால் செலவைப் பற்றிய கவலை இல்லை. ஆனால் எந்த மாத்திரை என்று முடிவுசெய்யும் முன் கல்லீரல் எவ்வளவு பழுதடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். எங்களை அலைக்கழித்தது அந்த ஒரு கட்டம்தான்.

இப்போதெல்லாம் இதற்காக ஊசியால் கல்லீரல் சதை எடுப்பது அரிது. ரத்த அளவுகளை வைத்து, கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று மதிப்பிடும் ஏப்ரி, ஃபிப்-4 என்ற இரண்டு கணக்குகளைப் போடுகிறார்கள். தேவைப்பட்டால், கல்லீரலின் விறைப்பை வெளியிலிருந்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு வயது 61. நாங்கள் போன தனியார் லேபில் கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி 78, எஸ்ஜிபிடி 84 என்றும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 96 ஆயிரம் என்றும் வந்தது. இரண்டு கணக்குகளிலும் பிளேட்லெட் வகுக்கும் எண்ணாக இருப்பதால், அது குறைந்தால் இரண்டு விடைகளும் ஒருசேர ஏறிவிடும். ஏப்ரி 2-ஐத் தாண்டியது. 3.25-க்கு மேல் போனாலே முற்றிய தழும்பு என்று கொள்ளப்படும் ஃபிப்-4, 5.4 ஆக வந்தது.

அடுத்து ஃபைப்ரோஸ்கேன். காலை உணவுக்குப் பிறகு வரலாமா என்று முன்பதிவின்போதே கேட்டேன். தாராளமாக வரலாம், இது விலாவின் மேல் வைத்து எடுப்பதுதான் என்றார் வரவேற்பு மேசையில் இருந்தவர். அம்மா இட்லி சாப்பிட்ட கையோடு கிளம்பினார். விறைப்பு 13.6 கிலோபாஸ்கல் என்று ரிப்போர்ட் வந்தது. அதன் அடியில் ‘எஃப்4, சிரோசிஸ்’ என்று, அதாவது தழும்பின் கடைசிப் படி, கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை என்று அச்சிட்டிருந்தார்கள். சிரோசிஸ் என்றால் மாத்திரை மாறுவதோடு முடிவதில்லை. உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோபி செய்ய வேண்டியிருக்கும். வைரஸ் போன பிறகும் புற்றுநோய் வருகிறதா என்று 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒரு வரியைப் படித்த பிறகு அம்மா பல இரவுகள் தூங்கவில்லை. அந்த ஸ்கேன் மையத்தின் மீது எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

அரசு மையத்தின் மருத்துவர் அந்த எஃப்4-ஐப் பொருட்படுத்தாமல், ரிப்போர்ட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்த இன்னொரு எண்ணைத்தான் முதலில் பார்த்தார். ஃபைப்ரோஸ்கேன் குறைந்தது பத்து அளவீடுகளை எடுத்து அவற்றின் நடு அளவைத் தருகிறது. அந்த அளவீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது ஐக்யூஆர் விகிதமாக அச்சாகும்; அது 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அம்மாவுடையது 38. என்ன சாப்பிட்டீர்கள் அம்மா என்று அவர் கேட்டபோதுதான், சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி அதன் விறைப்பும் உயரும் என்பதும், குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரிந்தன. பிளேட்லெட் எண்ணையும் அவர் நம்பவில்லை. முந்தைய பரிசோதனைகளில் எல்லாம் இயல்பாக இருந்த எண் திடீரென்று பாதியாகக் குறைந்திருந்ததால், ஸ்லைடில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். பிளேட்லெட்டுகள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் சேர்க்கப்படும் ஈடிடிஏ சிலருக்கு இப்படி ஒட்டவைத்துவிடும். இயந்திரம் ஒரு கட்டியை ஒரே அணுவாக எண்ணிவிடும். சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தபோது 2 லட்சத்து 10 ஆயிரம் இருந்தது. ஏப்ரி 0.93 ஆகவும், ஃபிப்-4 2.5-க்குச் சற்றுக் கீழாகவும் இறங்கின. இவை இரண்டும் எந்தப் பக்கமும் உறுதி சொல்ல முடியாத இடைநிலை எண்கள் என்பதால், ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

பழைய மையத்தில் மறுபடி எடுத்துத் தரச் சொன்னதற்கு, இயந்திரம் தந்த எண்ணைத்தான் அச்சிட்டோம், வேண்டுமானால் மீண்டும் பணம் கட்டுங்கள் என்றார்கள். நாங்கள் வேறு இடத்துக்குப் போனோம். இந்த முறை இரவு உணவோடு நிறுத்திவிட்டு, காலையில் முதல் ஆளாகப் படுத்தார் அம்மா. 8.9 கிலோபாஸ்கல், ஐக்யூஆர் விகிதம் 14. ஹெபடைடிஸ் சி-யில் 7.1-க்கு மேல் எஃப்2 என்றும், 9.5-க்கு மேல் எஃப்3 என்றும், 12.5-க்கு மேல் எஃப்4 என்றும் பொதுவாகக் கொள்கிறார்கள். தழும்பு இருந்தது, சிரோசிஸ் இல்லை.

போகப்போகிறவர்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு. எஸ்ஜிபிடி பல மடங்கு ஏறியிருக்கும் நேரத்திலும், இதயச் செயலிழப்பால் கல்லீரலில் ரத்தம் தேங்கியிருக்கும்போதும் ஸ்கேன் எண் கூடுதலாகவே வரும். உடல் பருமனானவர்களுக்கு எக்ஸ்எல் எனப்படும் தனிக் கருவிமுனை வேண்டும். அது இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். ரிப்போர்ட்டில் ஐக்யூஆர் விகிதம் அச்சாகவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

சோஃபோஸ்புவிரும் டக்லடாஸ்விரும் 12 வாரம் சாப்பிட்டு, அதற்கு 12 வாரம் கழித்து எடுத்த ஆர்என்ஏ பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்துவிட்டது. கண்புரை அறுவையும் முடிந்தது. ஆனால் வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கியதைத் தேடும் எதிர்ப்பொருள் பரிசோதனை, வைரஸ் போன பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவ் என்றே காட்டும் என்பதால், அந்தக் கடைசி ஆர்என்ஏ ரிப்போர்ட்டை அம்மாவின் கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.