அட்டைக் குழாயும் சோளமணியும்

"ஆயா, சாய்த்து வைத்தால்தான் ஓடுகிறது!"

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் பேத்தியின் மழலையர் வகுப்பு. பழைய அட்டைக் குழாய், ஒரு கைப்பிடிச் சோளமணி. குழாயைப் படுக்கவைத்தாள், மணி உள்ளேயே நின்றுவிட்டது. அடியில் ஒரு மரக்கட்டை வைத்தாள், மெல்ல உருண்டது. மேலும் ஒன்றை அடுக்கினாள்.

பாய்ந்துபோய் ஆசிரியையின் செருப்பில் மோதியது!

அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "இன்னும் தூரம் போகவேண்டுமென்றால்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

வாசலில் ஒரு தாய், "விளையாட்டுத்தானா? எழுத்து எப்போது?" என்று கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். தென்னாப்பிரிக்காவில் 2024ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டான கிரேடு ஆர் வகுப்பைக் கட்டாயமாக்கிவிட்டது. ஆனால் அந்த வகுப்புக்கான அரசுப் பாடத்திட்டமே விளையாட்டின் வழியாகக் கற்பிக்கத்தான் சொல்கிறது.

நாளை உள்ளே வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள் என்று அவரை அழைத்திருக்கிறேன்.