கோடு எங்கே இருந்தது?

சிறுநீரின் அடர்த்தியை அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு சிறுநீர் விட்டு, ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் இடம்தான் அளவு. அன்று எங்கள் கல்லூரி மல்யுத்த அணிப் பையன் ஒருவனைச் சோதித்தபோது அது 1.020 கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு மயிரிழை தள்ளி இருந்தது என்றும் சொல்லலாம். நான் கண்ணை எடுக்காமல் நின்றதைப் பார்த்து அவன் கேட்டான்.

"எங்கே தெரிகிறது?"

"பார்டரில்."

"பார்டர் என்றால் உள்ளேதானே?"

நான் 1.020 என்று எழுதினேன்.

விதிப்படி அது சரி. 1.020 வரை தேர்ச்சி, உடம்பில் போதிய நீர் இருக்கிறது என்று அர்த்தம். தாண்டினால் 24 மணி நேரம் கழித்துத்தான் மறு சோதனை. ஆனால் அவனுக்கு அது வெறும் ஒரு நாள் தாமதம் இல்லை. எடையும் கொழுப்பும் அதற்கப்புறம்தான் பார்ப்போம். 132 பவுண்டு, 10.2 சதவீதம் வந்தது. கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற கணக்கில், அந்த சீசனில் அவன் இறங்கக்கூடிய குறைந்தபட்ச எடை 124.8. அதாவது 125 பவுண்டு எடைப் பிரிவுக்குள் நுழைந்துவிட்டான். நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுநாள் வந்து இரண்டு பவுண்டு கூடியிருந்தால், அந்தக் குறைந்தபட்சம் 126-ஐத் தாண்டியிருக்கும். அடுத்த பிரிவான 133-இல் எங்கள் அணியில் அசைக்க முடியாத ஒரு சீனியர் இருந்தான். வருடம் முழுக்க இவன் பெஞ்சில்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அதுதான் உறுத்துகிறது. மற்ற பையன்களுக்கு பார்டரில் வந்தால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். அன்று துடைக்கவில்லை.

இந்தச் சோதனை எதற்காக வந்தது என்பதை ஒவ்வொரு வருடமும் புதுப் பையன்களுக்கு நான்தான் சொல்வேன். 1997 நவம்பர், டிசம்பரில் சுமார் ஒரு மாதத்துக்குள் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும்போது இறந்துபோனார்கள். அப்புறம்தான் வியர்க்க வைக்கும் ரப்பர் உடைகளுக்கும் சூட்டறைகளுக்கும் தடை வந்தது, நீர்ச்சத்துச் சோதனை வந்தது. இவனும் முதல் வருடம் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டவன்தான். முடித்ததும் என்னிடம் வந்து, "லாரி ஓவிங்ஸ் எடை இறங்கி வந்துதானே டேன் கேபிளை ஜெயித்தார்?" என்றான். உண்மைதான். 1970 கல்லூரி தேசியப் போட்டியின் இறுதி, 142 பவுண்டு, புகழ்பெற்ற மல்யுத்த வீரர் கேபிள் கல்லூரிக் காலத்தில் தோற்ற ஒரே போட்டி. அவனுக்கு அந்தக் கதை பாடமாக இருந்தது. என் கதை எச்சரிக்கையாகக்கூட நிற்கவில்லை போல.

அந்த சீசன் முழுக்க அவன் உதடு வெடித்தே இருந்தது. எடை பார்ப்பதற்கு முன் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, கரைந்ததை விழுங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். முதல் மூன்று நிமிடம் அவன் ஆட்டத்தைப் பார்க்கக் கண் போதாது. கடைசி இரண்டு நிமிடத்தில் எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்த விரல்கள் தானாக விரியும். அதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன். அப்படியும் தேசியப் போட்டியில் ஐந்தாம் இடம். முதல் எட்டுக்குள் வந்தால் ஆல்-அமெரிக்கன். எங்கள் அணியில் பல வருடங்களுக்குப் பிறகு வந்த பட்டம் அது.

அடுத்த வருடச் சோதனையில் 1.015. சந்தேகத்துக்கே இடமில்லை, குறைந்தபட்ச எடையும் 125-க்குள்தான் வந்தது. அப்படியென்றால் அவன் 125-க்கு உரியவன்தான், நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன் என்று ஆறுதல் பட்டேன். அடுத்த நிமிடமே, ஒரு வருடம் பட்டினி போட்ட உடம்பு வேறு எப்படி இருக்கும் என்றும் தோன்றியது. கடைசி வருடத்துக்கு அவன் வரவில்லை. சலித்துவிட்டது என்று மட்டும் சொன்னான்.

இப்போது ஒரு பள்ளியில் மல்யுத்தப் பயிற்சியாளராக இருக்கிறான். போன வாரம் செய்தி அனுப்பியிருந்தான். "என் வாழ்க்கையிலேயே நல்ல வருடம் அது. அன்று நீங்கள் 1.020 என்று எழுதினீர்களே, அதற்கு நான் நன்றியே சொல்லவில்லை" என்று இருந்தது. கீழே இன்னொரு வரி: "என் அணிப் பையன் ஒருவன் எடை இறங்க ஆசைப்படுகிறான். பார்டரில் வருகிறான். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?"

பள்ளியில் வரம்பு 1.025 என்று தட்டச்சு செய்தேன். அது அவனுக்கே தெரியும். அழித்துவிட்டேன். இன்னும் பதில் அனுப்பவில்லை.