இரண்டாவது சர்வ்

அக்டோபர் 6, திங்கள்

முட்டி ஆபரேஷனுக்குத் தேதி இன்னும் வரவில்லை. ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். கூப்பிடுவோம் என்றார்கள்.

நாலரைக்கே மழை பிடித்துக்கொண்டது. கல்லூரி டென்னிஸ் கோர்ட்டில், பின்கோட்டு ஓரத்தில் வழக்கமான இடத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது. என்னிடம் பழகும் பிள்ளைகள் துடைப்பத்தால் தள்ளி, பழைய துண்டால் ஒற்றி, ஆறு மணிக்குத்தான் பந்தைத் தொட்டார்கள். இடக்கைக்காரி முதல் சர்வை என்னமாய் அடிக்கிறாள்! அது தவறி, மிச்சமிருக்கும் ஒரே வாய்ப்பான இரண்டாவது சர்வ் வந்தால் அந்தக் கை அவளுடையதாகவே இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

முட்டி வீக்கம். மாடிப்படி ஏறவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இன்று முழுக்க இரண்டாவது சர்வ்தான் மனத்தில். முதல் சர்வ் வலையில் விழுந்ததும் அவள் முகம் மாறிவிடுகிறது. அடுத்ததை எப்படியாவது உள்ளே போட்டுவிட வேண்டும் என்று கையை மெதுவாக்குகிறாள். கை மெதுவானால் பந்து சுழலாது. சுழலாத பந்து வலையில் முட்டும், இல்லை கட்டத்தைத் தாண்டிப் போகும். இரண்டாவது சர்வுக்கு மட்டையை முதலாவதற்கு வீசிய வேகத்திலேயே, முடிந்தால் அதைவிட வேகமாக வீச வேண்டும். பந்தைத் தலைக்கு நேர் மேலே தூக்கி, கீழிருந்து மேலாக உரசி எடுக்க வேண்டும். அப்போதுதான் அது வலைக்கு மேலே நல்ல உயரத்தில் போய், சுழற்சியால் கட்டத்துக்குள் இறங்கும்.

இத்தனை வருடமாக எந்தப் பிள்ளையும் இதை முதல் தடவையில் நம்பியதில்லை. பயம் வந்தால் அடங்கிப் போ என்று வீட்டில் சொல்லி வளர்த்த பிள்ளைகள். நானும் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அப்படி வளர்ந்தவள்தான். தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டுப் பக்கம் ஓடாதே, சத்தமாகச் சிரிக்காதே. பயிற்சியாளர் வேலையில் பாதி, அந்தக் கையை அவிழ்த்துவிடுவதுதான். ஃபோர்ஹேண்டை யாரும் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

அதுவும் இவள் இடக்கை. அட்வான்டேஜ் பக்கத்தில், அதாவது கோர்ட்டின் இடப் பாதியில், நின்று பக்கவாட்டில் சுழலும் ஸ்லைஸ் போட்டால் பந்து வெளியே ஓடும். எதிரில் நிற்கும் வலக்கைக்காரி, மட்டைக் கைக்கு மறுபக்கம் அடிக்கும் பேக்ஹேண்டுக்காகக் கோர்ட்டை விட்டே வெளியே போக வேண்டும். விம்பிள்டன் ஒற்றையரில் 9 தடவை வென்ற நவ்ரத்திலோவாவும் இடக்கைதான். நாளைக்கு அவளிடம் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

சொன்னேன். “யாரு டீச்சர் அது?” என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

தம்பி வந்திருந்தான். “போதும்க்கா. எங்களோட கிள்ளானுக்கு வந்துடுங்க. இந்த ஊர்ல யார் இருக்கா?” சாப்பாடு போட்டு அனுப்பினேன். பதில் சொல்லவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

கல்லூரி நிர்வாகத்திலிருந்து கடிதம். இருக்கும் இரண்டு கோர்ட்டுகளில் ஒன்றை வாகனம் நிறுத்த எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். என் கருத்தைக் கேட்டு எழுதிய கடிதம் இல்லை.

அக்டோபர் 15, புதன்

தூக்கம் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் பழைய பிள்ளையைக் கூப்பிட்டேன், அங்கே பகல். கல்லூரி டென்னிஸ் பார்க்கப் போவாள், வந்து எல்லாம் சொல்வாள். ஓர் அணிக்கு எதிராக இன்னோர் அணி. முதலில் 3 இரட்டையர் ஆட்டம். அதில் இரண்டை வென்றால் அணிக்கு ஒரே ஒரு புள்ளி. அப்புறம் 6 ஒற்றையர், ஆளுக்கு ஒரு புள்ளி. முதலில் நாலு எடுக்கும் அணிக்கு வெற்றி. ஆறாம் இடத்தில் ஆடுகிறவளின் புள்ளிக்கும் முதல் இடத்துக்காரியின் புள்ளிக்கும் ஒரே மதிப்பு. இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நம் பிள்ளைகளையும் இப்படியே ஆடவிட்டுப் பார்க்கிறேன். கடைசி இடத்துக்காரியின் ஆட்டத்தைச் சுற்றி மற்ற எல்லாரும் வந்து நிற்கிறார்கள்.

அரசுப் பணம் வாங்கும் கல்விக்கூடத்தில் பெண் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்று அங்கே 1972-இல் சட்டம் வந்தது, டைட்டில் நைன். பத்து வருடம் கழித்து, 1982-இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ பெண்களுக்கான முதல் டென்னிஸ் அணிப் போட்டியை நடத்தியது. ஸ்டான்ஃபோர்டு வென்றது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்துப் பெண்கள் அணியை ஜெஃப் வாலஸ் 1985 முதல் 2023 வரை நடத்தினார். ஒரே ஆள், ஒரே அணி. 1994-லும் 2000-த்திலும் கோப்பை. அந்தக் கோப்பைகளைவிட நடுவில் வந்த வெறும் வருடங்களைப் பற்றித்தான் அவரிடம் கேட்க ஆசை. நல்ல பிள்ளைகள் படிப்பு முடிந்து போய்விட்ட வருடங்களில், மறுபடி முதலிலிருந்து எப்படித் தொடங்கினார்?

அக்டோபர் 16, வியாழன்

கடிதத்துக்குப் பதில் எழுதினேன். ஒரே கோர்ட்டில் அணியைப் பழக்க முடியாது. மழைக்கும் இருட்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தை வரிசையில் நின்றே கழிப்பார்கள். கோபம் இல்லாமல் எழுதத்தான் பார்த்தேன். கோபம் இருக்கிறது, இருக்கட்டும்.

அக்டோபர் 18, சனி

சுங்கை சிப்புட் சந்தையில் நடக்க இடமில்லை, தீபாவளிக் கூட்டம். முட்டியோடு அங்கே போயிருக்கவே வேண்டாம். பழைய தோட்டத்து அக்கா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒங்கப்பா உருட்டுன கோர்ட்டு ஞாபகம் இருக்கா?”

இல்லாமலா? துரைமார் கிளப்பின் புல் கோர்ட். அப்பா காலையில் உருளை இழுப்பார், சுண்ணாம்பில் கோடு போடுவார். கோடு அத்தனை நேராக இருக்கும். நான் வேலி ஓரத்தில் நின்று பந்து பொறுக்கிப் போடுவேன். உள்ளே நின்று அடிக்க எங்களுக்கு அனுமதி இல்லை. ரப்பர் பால்மரத்தை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது கிளப்பும் போய்விட்டது. அங்கே இன்று போனால் எது கோர்ட், எது வேலி என்று எனக்கே காட்டத் தெரியாது. கல்லூரியில் அப்படி ஒரு நாள் வரக் கூடாது. அதற்குத்தான் இவ்வளவும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள், மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளையும்கூட. முறுக்கு காலி. தைப்பிங்கில் தாதியாக இருக்கும் பழைய பிள்ளை மகளைக் கூட்டி வந்தாள். நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்று வென்றபோது என்னோடு சேர்ந்து குதித்தவள் இவள். “நம்ம கோயம்புத்தூர்க்காரி, டீச்சர்!” என்று கத்தினாள். இவளுக்கும் கோயம்புத்தூருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு மட்டையைத் தொடவே இல்லையாம். அது கேட்டு மனசு கனத்துவிட்டது. நன்றாக அடிப்பாள்.

அக்டோபர் 23, வியாழன்

மழை. பயிற்சி இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

மழை.

அக்டோபர் 27, திங்கள்

விழுந்தது! முதலாவது வலையில். அவள் என்னைப் பார்த்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. முழுக்கையும் வீசினாள். பந்து உயர்ந்து, இறங்கி, உள்ளே குதித்து, எதிரில் நின்றவளின் தோளுக்கு மேலே எகிறியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது இரண்டடி வெளியே. பரவாயில்லை, கை நிற்கவில்லை. அதுதான் எனக்கு வேண்டும்.

அக்டோபர் 29, புதன்

நிர்வாகம் பதில் தரவில்லை. ஈப்போ கூப்பிட்டுவிட்டது. நவம்பர் 11, செவ்வாய். அதே வாரத்தில்தான் பிள்ளைகளின் போட்டி. ஆபரேஷன் முடிந்தால் ஆறு வாரமாவது கோர்ட் பக்கம் வரக் கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். தள்ளிப் போடச் சொன்னால் மறுபடி எப்போது கிடைக்குமோ.

காலையில் எட்டரைக்குப் போன் செய்ய வேண்டும். தம்பிக்கு இப்போது சொல்ல வேண்டாம். பந்து இரண்டு டப்பா வாங்க வேண்டும்.