அந்தமானில் குழந்தைகளோடு கடலில் இறங்க: இடமும் பாருங்கள், நேரமும் பாருங்கள்

அந்தமான் போகிறோம் என்றதுமே எல்லோரும் சொன்ன பெயர் ராதாநகர். ஹேவ்லாக், அதாவது இன்றைய சுவராஜ் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று அதைப் பாராட்டியது. 2020-இல் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. நீலக்கொடியை அழகுக்குக் கொடுத்த பரிசாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கடல்நீரைச் சோதிப்பதற்கும், கழிப்பறை, குளிக்கும் வசதி, உயிர்காப்பாளர் எல்லாம் இருப்பதற்கும் தருகிற சான்று. உப்பும் மணலும் அப்பிய நான்கு வயது மகளை நல்ல தண்ணீரில் குளிப்பாட்ட ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அம்மாக்களுக்குத் தெரியும்.

ராதாநகரின் மணல் மாவுபோல் மெத்தென்று இருக்கிறது. பவளக் கல் காலைக் கிழிக்கும் என்ற பயமில்லை. ஆனால் அது திறந்த கடல். பெரியவர்களுக்குச் சுகமான அலை சிறு குழந்தையைப் புரட்டிப் போட்டுவிடும். மகளை ஈர மணலைத் தாண்ட விடவில்லை. ஏழு வயது மகன் அவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவு வரை இறங்கினான்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி நீல் கோவ் என்ற சிறு வளைகுடா இருக்கிறது. அலையே இல்லாத பச்சைத் தண்ணீர். பார்த்தவுடன் "குழந்தைகளுக்கு இதுதான் சரி" என்று தோன்றும். அப்படி நினைத்துவிடாதீர்கள். 2010-இல் அங்கே ஓர் அமெரிக்கப் பெண் உவர்நீர் முதலை தாக்கி உயிரிழந்தார். அலையாத்திக் காடும் ஓடை கடலில் சேரும் இடமும் முதலை நடமாடும் பகுதிகள். எங்கள் காரை ஓட்டியவர் தமிழர். "ஓடை வாய்ப் பக்கம் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள் அக்கா, தண்ணீர் அசையாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்" என்றார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கணுக்கால் நனைக்கவும் கூடாது. இதில் பேரமே இல்லை.

என் பிள்ளைகள் மனம் நிறைய ஆடியது இன்னொரு தீவான நீல் தீவில், அதாவது இன்றைய ஷாகீத் தீவில், படகுத் துறைக்குப் பக்கத்திலுள்ள பரத்பூர் கடற்கரையில். பவளத் திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் கரையோரம் வெகு தூரம் ஆழமில்லை. ஆனால் நேரம் தவறினால் அதே இடம் வேறு முகம் காட்டும். கடல் வற்றிவிட்டால் தண்ணீர் பின்வாங்கி, கூரான பவளக் கற்கள் வெளியே தெரியும். குழந்தை கால் வைக்க முடியாது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கடல் ஏறும், இறங்கும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் இன்னும் அதிகம். அதனால் விடுதியில் அறை கேட்பதற்கு முன்பே "நாளைக் காலை கடல் எப்போது ஏறும்?" என்று கேட்டேன். ஏற்றம் காலை வேளையில் வரும் நாள்களாகப் பார்த்து நீல் தீவுக்கு ஒதுக்குவது உத்தமம்.

அங்கே ஐந்து மணியை ஒட்டியே விடிந்துவிடுகிறது. ஆறு மணிக்கெல்லாம் இறங்கினால் வெயில் உறைப்பதற்குள் குழந்தைகள் ஆடி முடிக்கலாம். பிறகு கப்பல்கள் வந்து கூட்டம் சேரும். மோட்டார் படகுகளும் ஜெட் ஸ்கீயும் கரையோரமே பாயும். அவை ஓடும்போது சிறு பிள்ளைகளைத் தண்ணீரில் விட எனக்கு மனம் வரவில்லை. மாலையை நம்ப வேண்டாம். குளிர்காலத்தில் ஐந்தரைக்குள் இருட்டத் தொடங்கிவிடுகிறது.

அதே தீவின் லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் இயற்கைப் பாலம் போன்ற பாறை வளைவு உண்டு. கடல் வற்றியிருக்கும்போதுதான் போக முடியும்; வழியெல்லாம் வழுக்குப் பாறை. கைக்குழந்தையோடு இருப்பவர்கள் அதைப் பார்க்காமலே விட்டுவிடலாம், ஒரு குறையும் இல்லை.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், கப்பல்களும் ரத்தாகும். பள்ளி விடுமுறை என்று மே மாதத்துக்கு டிக்கெட் எடுப்பதைவிட, அரையாண்டு விடுமுறையில் போவது நல்லது. மணல் ஈக் கடிக்குக் களிம்பும் பவளத் துண்டு குத்தாத ரப்பர் செருப்பும் பையில் இருக்கட்டும். பிள்ளைகள் பொறுக்கும் பவளத்தையும் சங்கையும் கரையிலேயே போட்டுவிட வையுங்கள்; அவற்றை எடுத்து வருவது சட்டப்படி குற்றம், விமான நிலையச் சோதனையில் சிக்கும்.