எக்ஸ்ரே லைசென்ஸும் எஃப்என்யூவும்

தேர்வு மையத்தில் வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் டிரைவிங் லைசென்ஸையும் தன் கணினித் திரையையும் மாறி மாறிப் பார்த்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜனவரி மாதம், வெளியே பனி. என் கணவர் லீவு போட்டுவிட்டு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிக் கொண்டுவந்து விட்டிருந்தார். எட்டு மணிக்கு எக்ஸ்ரே டெக்னீஷியன் தேர்வு.

"லைசென்ஸில் முதல் பெயர் எஃப்என்யூ என்று இருக்கிறது. எங்களிடம் அப்படி இல்லையே" என்றார்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறியவர்களுக்கு இந்த மூன்று எழுத்துகளைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஃபர்ஸ்ட் நேம் அன்னோன். விசாவில் என் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது, முதல் பெயர் 'தெரியவில்லை'. அது அப்படியே சோஷியல் செக்யூரிட்டி அட்டை, டிரைவிங் லைசென்ஸ், பேங்க் கார்டு என்று எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். அதில் ஒரே ஒரு பெயர். இன்னும் மோசம். கெஞ்சிப் பார்த்தேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் உள்ளே விடவில்லை. தேர்வுக்குக் கட்டிய பணம் போனது. திரும்பும் வழியில் வண்டியில் யாரும் பேசவில்லை.

சரி, இந்தச் சிக்கல் எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஆறு வருடம் எக்ஸ்ரே எடுத்தவள் நான். நியூ ஜெர்சிக்கு வந்ததும், பி.எஸ்ஸி. சான்றிதழை மதிப்பீடு செய்து கொடுத்தால் நேரே தேர்வு எழுதிவிடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு ஏஜென்சிக்குப் பணம் கட்டினேன். மதிப்பீடு கெட்டி அட்டையில் அழகாக வந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை. தேர்வை நடத்தும் ஏஆர்ஆர்டி என்ற அமைப்பு, தான் ஏற்றுக்கொண்ட பயிற்சிப் படிப்பை முடித்தவர்களைத்தான் உட்கார விடும். 2015 முதல் குறைந்தது ஓர் அசோசியேட் டிகிரியும் (இரண்டு வருடக் கல்லூரிப் பட்டம்) வேண்டும். ஊரில் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் முதலில் இந்த விதியைப் படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஏஜென்சிக்காரர்களுக்குப் பணம் கட்டுங்கள்.

ஆகவே கம்யூனிட்டி காலேஜ், இரண்டு வருடம், முதலிலிருந்து. சேர்க்கைக் கவுன்ட்டரில் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் பார்த்து, "எஃப்என்யூ ஒரு பெயரே இல்லை, உங்கள் நிஜப் பெயரை எழுதுங்கள்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முதல் பெயராக என் பெயர், கடைசிப் பெயராக அப்பா பெயர் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தேர்வு விண்ணப்பமும் அதே பெயரில் போனது. அங்கேதான் வினை.

அனாடமி, அல்ஜீப்ரா எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. என்னைப் படுத்தியது கிளினிக்கல், அதாவது மருத்துவமனைப் பயிற்சி. 36 கட்டாயப் பரிசோதனைகள், விருப்பப் பட்டியலிலிருந்து 15, நோயாளி பராமரிப்பில் 10. ஒவ்வொன்றையும் மேற்பார்வையாளர் முன்னால் செய்து காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இதை 'காம்ப்' என்பார்கள். கட்டாயப் பட்டியலில் ஆறு வயது அல்லது அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு மார்பு எக்ஸ்ரே ஒன்று இருக்கிறது. எனக்குக் கிடைத்த மருத்துவமனையிலோ வருகிறவர்கள் எல்லாம் எழுபது தாண்டியவர்கள். இடுப்பு எலும்பு வேண்டுமா, தினமும் மூன்று. குழந்தை? வாரக்கணக்கில் ஒன்றுகூட இல்லை. மதுரையில் நான் எடுத்த நூற்றுக்கணக்கான குழந்தைகள் இங்கே கணக்கில் வரவில்லை என்பதை நினைத்து நினைத்துப் புழுங்கினேன். கடைசியில் கூடப் படித்த ஒருத்தியிடம் கெஞ்சி, எமர்ஜென்சியில் அவளுடைய மாலை ஷிஃப்ட்டை வாங்கிக்கொண்டேன். மூன்றாவது நாள், இருமிக்கொண்டே ஒரு நான்கு வயதுப் பையன் வந்தான். அவன் வந்ததில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருக்க முடியாது. அவன் அம்மா என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

கிடைப்பது அரிதான காம்ப்களை முதல் வருடமே பிடித்துவிடுங்கள். குழந்தை, அடிபட்டு வரும் தோள்பட்டை, ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் (நகர்த்திக்கொண்டு போகும் எக்ஸ்ரே இயந்திரம்), இந்த மூன்றும் கண்ணில் பட்டால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுங்கள்.

பனி நாளுக்குப் பிறகு எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கோர்ட்டில் பெயர் மாற்ற மனு போடுவது. அதற்கு 250 டாலர் கட்டணம், அதோடு காத்திருப்பு. இன்னொன்று, தேர்வுப் பதிவில் இருக்கும் பெயரை டிரைவிங் லைசென்ஸில் இருக்கிறபடியே மாற்றச் சொல்வது. பொறுமை இல்லாமல் இரண்டாவதைச் செய்தேன். அடையாள அட்டை நகலை அனுப்பினேன், மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். புதுத் தேதி, மறுபடியும் பணம், அதே மையம். கையெழுத்துப் போட்ட இரண்டாவது அட்டையும் கையில் இருக்கட்டும். எனக்குப் பின்னால் நின்ற பையன், பேங்க் கார்டின் பின்பக்கம் கையெழுத்தே போடாமல் வந்து அங்கேயே பேனா தேடிக்கொண்டிருந்தான்.

தேர்வு முடிந்ததும் திரையிலேயே உத்தேச மதிப்பெண் காட்டுகிறார்கள். 86. தேர்ச்சிக்கு 75 போதும். இந்த 75 சதவீதம் இல்லை, கேள்வித்தாளின் கடினத்துக்கு ஏற்ப அளவு மாற்றிக் கொடுக்கும் எண். தேர்ச்சி பெற மூன்று வருடத்துக்குள் மூன்று வாய்ப்புகள்.

இதோடு முடியவில்லை, மாநில லைசென்ஸ் தனி. நார்த் கரோலினாவில் இருக்கும் என் சிநேகிதிக்கு அப்படி ஒன்று தேவையே இல்லை, அங்கே சட்டம் கேட்பதில்லை. நியூ ஜெர்சியில் கட்டாயம். நான் சுகாதாரத் துறையின் தளத்தில் ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கடைசியில் பார்த்தால், கொடுப்பது சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை! கதிர்வீச்சு அவர்கள் கையில் இருக்கிறதாம். யோசித்தால் சரிதான், ஆனால் யாருக்குத் தோன்றும்?

டிப்ளமாவில் ஒரு பெயர், தேர்வு முடிவில் ஒரு பெயர். கேள்வி வருவதற்கு முன்பே, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நானே ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்தேன். அழகாகக் கையெழுத்தும் போட்டு எடுத்துக்கொண்டு பேங்க்கில் இருந்த நோட்டரியிடம் போனேன். "என் கண் முன்னால்தான் போட வேண்டும், இது செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து மறுபடி பிரின்ட் எடுத்து, மறுநாள் போய், அவர் பார்க்கப் பார்க்கக் கையெழுத்திட்டேன். ஆனால் அந்தக் காகிதம் வேலை செய்தது. ஒரு கேள்வியும் வரவில்லை, லைசென்ஸ் வந்து சேர்ந்தது. அதில் முதல் பெயர் எஃப்என்யூ.

எக்ஸ்ரே படத்தில் எந்தப் பக்கம், யார் எடுத்தது என்று காட்ட வைக்கும் ஈய மார்க்கர்கள், வலதுக்கு ஒன்று இடதுக்கு ஒன்று, படிக்கும்போது வாங்கியவை, இன்னும் பாக்கெட்டில் இருக்கின்றன. அவற்றில் என் பெயரின் முதல் எழுத்தும் அப்பா பெயரின் முதல் எழுத்தும். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் லைசென்ஸில் உள்ளபடிதான் பேட்ஜ் அடிப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மார்க்கரையும் புதிதாக ஆர்டர் செய்யச் சொன்னார்கள். கோர்ட் மனுவை இப்போதுதான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். உத்தரவு வந்ததும் எல்லா இடத்துக்கும் மறுபடி எழுத வேண்டும். உங்களுக்கும் இதே நிலைமை என்றால், கல்லூரி விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு பெரியவர், மார்பு எக்ஸ்ரேக்கு நிற்கும்போது என் பேட்ஜை எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஃப்நூ... நன்றாக இருக்கிறதே, எந்த நாட்டுப் பெயர்?"

"அமெரிக்கப் பெயர்தான்" என்றேன். மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பட்டனை அழுத்தப் போனேன்.