மோட்டாரோடு வரும் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்குமா திறக்காதா என்று காத்திருக்காமல், பாபநாசம், கும்பகோணம், திருவிடைமருதூர் பக்கம் போர்வெல் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே குறுவைக்கு நாற்று விட்டுவிடுகிறார்கள். கோடையில் புது மோட்டார் இறக்கும் இடத்தில் பெட்டியோடு வந்த, மோட்டாரை எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் புத்தகம் வரப்பில் கிடக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

அது விளம்பரத் தாள் இல்லை. கருவியைத் தயாரித்தவர் சொன்ன முறைப்படிதான் பொருத்த வேண்டும் என்பது வயரிங்குக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 732-லேயே இருக்கிறது. அமெரிக்க மின் விதித்தொகுப்பிலும் 110.3(பி) பிரிவு இதையேதான் சொல்கிறது. அதாவது அந்தப் புத்தகத்தை விட்டுவிட்டால் விதியையும் விட்டுவிட்டோம்.

"அண்ணே, எத்தனை மோட்டார் இறக்கியிருக்கேன், இதைப் படிச்சா செய்யணும்?" என்பார் வயர்மேன். அவர் அனுபவம் பெரியதுதான், ஆனால் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் (மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாற்றும் பெட்டி) ஓவர்லோடு ரிலே, அதாவது கரண்ட் அளவுக்கு மேல் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி, எந்த இடத்தில் இருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மெயின் லைனில் இருந்தால் மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியரையே வைக்கலாம். மோட்டாரின் வைண்டிங் (உள்ளே சுற்றிய கம்பிச் சுருள்) பக்கம் இருந்தால் அதில் 58 சதவீதம்தான். தகட்டில் 15 ஆம்பியர் என்றால் ரிலேயில் 8.7. அங்கேயும் 15 என்று திருப்பி வைத்தால் லைனில் 26 ஆம்பியர் வரை போனாலும் ரிலே விழுந்து மோட்டாரை நிறுத்தாது, மோட்டார் கருகிய பிறகுதான் நமக்கே தெரியும், அதுவும் நடவு நேரத்தில். எந்தப் பக்கம் என்பதைப் புத்தகத்தில் இருக்கிற படம் காட்டிவிடும்.

கேபிள் தடிமனும் அப்படித்தான்: எத்தனை எச்பி, எத்தனை மீட்டர் என்று அட்டவணையே போட்டிருப்பார்கள். லைன் கடைசியில் இருக்கிற ஊர்களில் வோல்டேஜ் ஏற்கெனவே குறைவு, அதில் மெல்லிய கேபிளும் சேர்ந்தால் மோட்டார் திணறும். தண்ணீர் நிரப்பும் வகை மோட்டாரில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, காற்று முழுக்க வெளியேறிய பிறகே இறக்க வேண்டும்.

அப்புறம் எர்த். இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேச மாட்டேன். 250 வோல்ட்டுக்கு மேல் ஓடும் மோட்டாருக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. மூன்று பேஸ் மோட்டார் 415 வோல்ட்டில் ஓடுவது. புத்தகம் ஒன்று போதும் என்றாலும் விதி கேட்கிற இரண்டைத்தான் போட வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் செருப்பில்லாமல் சேற்றில் நின்றுகொண்டு ஸ்டார்ட்டரைத் தொடுகிறார்கள். நம் களிமண் மாசி, பங்குனியில் காய்ந்து வெடிக்கும், அப்போது எர்த் குழியும் வறண்டு பயனில்லாமல் போய்விடும். குழியில் அடிக்கடி தண்ணீர் ஊற்றுங்கள்.

வேலை முடிந்ததும் ரிலேயில் வைத்த ஆம்பியரை மார்க்கரால் ஸ்டார்ட்டர் மூடியின் உள்பக்கம் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை பழுது பார்க்க வேறொருவர் வரலாம். மோட்டார் கொட்டகையில் புத்தகத்தைக் கரையான் அரித்துவிடும், அதனால் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.